பருவத்துக்கு ஒரு காட்சி: சிறிய ஊர் அருங்காட்சியகத்தில் கற்றுக்கொண்டவை

சிறிய ஊர் ஒன்றில் இருக்கும் வரலாற்று அருங்காட்சியகத்துக்கு உள்ளூர்க்காரர்கள் வாழ்நாளில் எத்தனை முறை வருவார்கள்? பெரும்பாலானவர்கள் இரண்டு முறை. பள்ளியில் படிக்கும்போது ஆசிரியர் வரிசையாக நிற்கவைத்துக் கூட்டிவருவார், அது ஒன்று. அப்புறம் வெளியூரிலிருந்து உறவினர்கள் வந்து, இவர்களை எங்கே கூட்டிப்போவது என்று யோசித்து எதுவும் தோன்றாத ஒரு விடுமுறை நாள். அதற்குமேல் வரக் காரணம் இல்லை. போன தடவை பார்த்த அதே தராசு, அதே தட்டச்சுப் பொறி, அதே கண்ணாடிப் பேழைக்குள் அதே கோணத்தில் உட்கார்ந்திருக்கும், தூசி மட்டும் புதிது.

இதற்குத்தான் பருவக் காட்சி என்று ஒன்று வைக்கிறோம். நிரந்தரக் காட்சியை அப்படியே விட்டுவிட்டு, ஓர் அறையையோ ஒரு சுவரையோ நாலைந்து பேழைகளையோ மட்டும் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுவது. நான் அப்படி ஓர் இடத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். சம்பளத்துக்கு இருப்பவர் ஒரே ஒருவர், அவரே காப்பாளர், அவரே கணக்கர், குழாய் உடைந்தால் அவரே ஆளைக் கூப்பிடுபவரும். மற்ற வேலைகளுக்கு எங்களைப் போல நேரம் கிடைக்கும்போது வருகிறவர்கள். இந்த அளவில் இருக்கும் இடங்களுக்காகத்தான் எழுதுகிறேன், பெரிய நிறுவனங்களுக்குத் தனித்தனிப் பிரிவுகளும் ஆட்களும் உண்டு, அவர்களுக்கு இது தேவைப்படாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. பருவக் காட்சியால் கூட்டம் கொஞ்சம் கூடும், உண்மைதான். ஆனால் பெரிய லாபம் அது இல்லை. காட்சியை இறக்கும் அன்று, ஏற்றிய அன்று இருந்ததைவிட நம் பதிவேட்டில் எவ்வளவு கூடியிருக்கிறது என்று பாருங்கள், லாபம் அங்கேதான். பெயர் தெரியாத முகங்களுக்குப் பெயர், எதற்கென்றே தெரியாத கருவிக்கு ஒரு பயன், தப்பாக எழுதியிருந்த வருடத்துக்குத் திருத்தம். ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரிந்ததைவிட எப்போதும் அதிகம், அவர்களைச் சும்மா வந்து உட்காருங்கள் என்றால் சொல்லமாட்டார்கள், எதையாவது கண்ணெதிரே வைத்தால்தான் வாய் திறக்கும்.

எங்கள் மழைக்காலக் காட்சி ஒன்றில் பழைய வெள்ளப் படங்களை வைத்திருந்தோம். கடைத்தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர், தலையில் மூட்டையோடு ஆட்கள், ஓரத்தில் ஒரு வண்டி பாதி முங்கிக் கிடக்கிறது. படத்துக்குப் பின்னால் யாரோ எப்போதோ ஒரு வருடத்தை எழுதியிருந்தார்கள், பதிவேட்டிலும் அதுவே ஏறியிருந்தது. ஒரு வயதான அம்மா மகளோடு வந்தார். மற்றப் படங்களை எல்லாம் வேகமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் இதன் முன்னால் மட்டும் நின்றார், கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தார். “இது அந்த வெள்ளம் இல்லை தம்பி. அந்த வெள்ளத்தப்போ இந்தக் கம்பமே கிடையாதே.” விரலை நீட்டினார். படத்தின் வலது ஓரத்தில், நாங்கள் யாரும் இதுவரை பொருட்படுத்தாத இடத்தில், ஒரு மின்கம்பம். “கம்பம் நட்டது எங்க அண்ணன் கல்யாணத்துக்கு அப்புறம். நட்ட அன்னைக்கு வேலை பார்த்தவங்களுக்கு எங்க வீட்லதான் தண்ணி கொடுத்தோம்.” அண்ணன் கல்யாணம் எந்த வருடம் என்று மகள் கைப்பேசியில் யாரையோ கூப்பிட்டுக் கேட்டார். அப்படியாக அந்தப் படம் அடுத்த வெள்ளத்துக்கு நகர்ந்தது, அதே உறையில் இருந்த மற்ற ஐந்தாறு படங்களும் கூடவே நகர்ந்தன.

இந்த மாதிரி ஒன்று நடந்தால் என்ன செய்ய வேண்டும்? பழைய பதிவை அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, அது படிக்கும்படியே இருக்கட்டும், பக்கத்தில் புதிய தகவல், சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார், எதை வைத்துச் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ‘மின்கம்பம் இருப்பதால்’ என்ற அந்த ஒரு சொற்றொடர் முக்கியம். நாளைக்கு வேறொருவர் வந்து கம்பம் நட்ட வருடத்தை ஆவணத்தோடு காட்டினால் எதைத் திருத்துவது என்று அப்போதுதான் தெரியும்.

சரி, எதைப் பருவம் என்று எடுத்துக்கொள்வது? புதிதாகத் தொடங்குகிறவர்கள் நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு வருடத்துக்கு ஆறேழு காட்சி என்று திட்டம் போடுகிறார்கள். வேண்டாம். சிறிய இடத்துக்கு வருடத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஒரு காட்சியை ஏற்ற எவ்வளவு வேலையோ ஏறக்குறைய அவ்வளவு வேலை இறக்கவும் உண்டு, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 1891-இல் ஆர்தர் ஹசேலியுஸ் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தைப் பற்றிப் படித்துவிட்டு, அங்கே போல வீட்டையே பெயர்த்துக் கொண்டுவந்து ஆட்களுக்குப் பழைய உடை போட்டுவிட்டு வேலை செய்யவைத்துக் காட்டலாம் என்று உற்சாகமாகக் கிளம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். உற்சாகம் நல்லதுதான், ஆனால் நமக்கு இருப்பது ஓர் அறையும் ஒரு சாவியும்.

தலைப்பு எந்த ஊருக்கும் பொருந்தும் சாதாரண விஷயமாக இருந்தாலே போதும்: மழையும் வெள்ளமும், அறுவடையும் அதற்கான கருவிகளும், பள்ளி திறக்கும் காலத்தில் பழைய வகுப்பறை, கோடையில் தண்ணீரை எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்பது. மழைக்காலத்தில் வெள்ளத்தைக் காட்டினால் வெளியே பெய்துகொண்டிருக்கும் மழையே பாதி விளக்கத்தைச் சொல்லிவிடும், அதையே கோடையில் வைத்தால் ஆட்கள் படங்களைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுகிறார்கள். பருவம் வெளியே நடக்கும்போது அதைப் பற்றிய நினைவு தானாகக் கிளம்புகிறது. தலைப்பைத் தேர்ந்தெடுக்க நாங்கள் வைத்திருக்கும் சோதனை இதுதான்: இதைப் பற்றி ஊரில் நமக்குப் பதில் தெரியாத கேள்வி ஒன்றாவது இருக்கிறதா? இல்லையென்றால் அந்தத் தலைப்பை விட்டுவிடுகிறோம், எவ்வளவு அழகான பொருட்கள் கையில் இருந்தாலும்.

தொடக்க நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மே 18 சர்வதேச அருங்காட்சியக நாள், ஐகாம் என்ற சர்வதேச அருங்காட்சியகக் கழகம் 1977-இலிருந்து அதை நடத்துகிறது, வருடாவருடம் ஒரு கருப்பொருளும் அறிவிக்கிறது. அதையொட்டிக் காட்சியைத் திறந்தால் செய்தி போட ஒரு சாக்கு கிடைக்கும். ஆனால் அன்றைக்கு உங்கள் பக்கத்தில் பள்ளிகள் திறந்திருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளி வராத திறப்பு விழாவுக்கு மேடையில் இருப்பவர்களும் அவர்கள் குடும்பமும்தான் வருவார்கள்.

இனி, பொருட்களின் பக்கம் வருகிறேன். பருவக் காட்சி எத்தனை நாள் இருக்கலாம் என்பதை நாம் முடிவு செய்வதாக நினைக்கிறோம், உண்மையில் வெளிச்சம்தான் முடிவு செய்கிறது. துணி, காகிதம், வண்ணப் புகைப்படம் இதெல்லாம் வெளிச்சத்தில் வெளுக்கும், வெளுத்தது திரும்பாது, இருட்டில் எடுத்து வைத்தாலும் போன நிறம் வராது. இன்றைக்குக் கொஞ்சம் நாளைக்குக் கொஞ்சம் என்று சேர்ந்துகொண்டே போகும். சிஐஈ என்ற சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 2004-இல் அருங்காட்சியகங்களுக்கென்று ஒரு பரிந்துரை வெளியிட்டது. பட்டு, செய்தித்தாள், எளிதில் போய்விடும் சாயங்கள் போன்ற மிக நுட்பமான பொருட்களுக்கு 50 லக்ஸ் வெளிச்சம் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு), வருடத்துக்கு மொத்தம் 15,000 லக்ஸ் மணி, அதாவது லக்ஸை வெளிச்சம் பட்ட மணி நேரத்தால் பெருக்கி வருவது. ஓரளவு தாங்கக்கூடிய மற்றத் துணி, ஓவியத் தாள் வகைகளுக்கு அதே 50 லக்ஸில் வருடத்துக்கு 1,50,000 லக்ஸ் மணி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 15,000-ஐ 50-ஆல் வகுத்தால் 300 மணி நேரம். நீங்கள் தினமும் 6 மணி நேரம் திறந்து வைக்கிறீர்கள் என்றால் 50 நாள். அவ்வளவுதான், அந்தப் பட்டுத் துணிக்கு அந்த வருடத்துக்கான பங்கு முடிந்தது. 50 லக்ஸுக்குப் பதில் அறையில் 100 லக்ஸ் இருந்தால் 25 நாள். ஜன்னல் வழியாக நேர் வெயில் விழுந்தால் சொல்லவே வேண்டாம், வெயில் 1,00,000 லக்ஸ் வரை போகும், அதில் ஒரு மணி நேரம் கிடப்பதும் 50 லக்ஸில் 2,000 மணி நேரம் கிடப்பதும் ஒன்றே. லக்ஸ் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், விலை அதிகமில்லாததே போதும், கைப்பேசிச் செயலியை மட்டும் நம்ப வேண்டாம், போனுக்குப் போன் அளவு மாறுகிறது.

எங்களிடம் நன்கொடையாக வந்த பழைய பட்டு மேலாடை ஒன்று உண்டு. பார்த்தால் சாம்பல் கலந்த ஒரு மங்கல் நிறம், இதைப் போய் யார் ஆசைப்பட்டு வாங்கியிருப்பார்கள் என்று தோன்றும். கீழ் விளிம்பின் மடிப்பை லேசாகத் திருப்பினால், தையலுக்கு உள்ளே வெளிச்சம் படாத விரல் அகலத்துக்கு, ஆழமான ஊதா. நூலின் பளபளப்புகூட அங்கே போகவில்லை. 1856-இல் வில்லியம் பெர்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகு வந்த ஆரம்பகாலச் சாயங்களில் பல இப்படித்தான், கண்ணைப் பறிக்கும் நிறத்தோடு வந்து வேகமாக மங்கியவை. இந்த மேலாடையின் சாயம் எது என்று சோதிக்க எங்களிடம் வசதி கிடையாது, ஆனால் அந்த மடிப்பைப் பார்த்த பிறகு அதன் மேல் விளக்கைக் கூட்டச் சொல்ல யாருக்கும் மனசு வராது. காட்சியில் அதை வைத்தபோது மேலாடையை மங்கலான பேழையிலும், மடிப்பின் உள்பக்கத்தைப் பெரிதாக எடுத்த புகைப்படத்தைப் பக்கத்திலும் வைத்தோம். ஆட்கள் மேலாடையைவிட அந்தப் படத்தைத்தான் நின்று பார்த்தார்கள். அறை ஏன் இப்படி இருட்டாக இருக்கிறது என்ற வழக்கமான புகாரும் அந்தக் காட்சியில் வரவில்லை.

பட்டு என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பட்டுக்கு எடை கூட்டுவதற்காக வெள்ளீய உப்புகளை ஏற்றுவார்கள். அந்தத் துணி இப்போது மடிப்பு மடிப்பாகத் தானே கிழிகிறது. அதை மாட்டித் தொங்கவிடக் கூடாது, அதன் எடையே அதைக் கிழித்துவிடும். படுக்கையாக வைத்து, மடிப்பு வரும் இடங்களில் அமிலமற்ற திசுத்தாளை உருட்டி உள்ளே கொடுங்கள். புகைப்படங்கள், கடிதங்கள் என்றால் இன்னும் சுலபம், நன்றாக ஸ்கேன் செய்து அச்சடித்த நகலை வைத்துவிட்டு மூலத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். ‘இது நகல்’ என்று அட்டையில் எழுதிவிட வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுதாமல் விட்டு யாராவது கண்டுபிடித்தால்தான் சங்கடம். வெள்ளப் படங்கள் எல்லாமே நகல்கள், அதனால்தான் அந்த அம்மாவால் விரலை வைத்துக் காட்ட முடிந்தது.

பேழைகளைப் பற்றி. கண்ணாடிக் கதவு மூடியிருந்தால் பொருள் பத்திரம் என்று நினைப்போம், ஆனால் மூடிய பேழைக்குள் பேழையே எதிரியாகலாம். ஓக் மரமும், மர நாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையும் அமில ஆவியை விடுகின்றன, ஈயத்தால் ஆன பொருட்கள் அதில் வெள்ளையாகப் பூத்துப் பொடியும். அடியில் விரிக்கும் கம்பளித் துணியிலிருந்தும் ரப்பரிலிருந்தும் வரும் கந்தகத்தில் வெள்ளி கறுக்கும். இதைக் கண்டறிய பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973-இல் உருவாக்கிய சோதனை ஒன்று உண்டு: பயன்படுத்தப்போகும் பொருளின் ஒரு துண்டையும் வெள்ளி, ஈயம், செம்புத் தகடுகளையும் கொஞ்சம் தண்ணீரோடு ஒரு மூடிய குப்பிக்குள் வைத்து 60 டிகிரி செல்சியஸில் 28 நாள் விட்டு, தகடுகள் எப்படி ஆகின்றன என்று பார்ப்பது. நம்மால் அதைச் செய்ய முடியாது, ஆனால் அதிலிருந்து வந்த முடிவுகளைப் பயன்படுத்தலாம். அடியில் விரிக்கத் துவைத்த சாயமில்லாத பருத்தித் துணி, பொருளுக்கும் பலகைக்கும் நடுவே பாலியெஸ்டர் தாள், புதுப் பெயிண்ட் அடித்தால் நாலு வாரமாவது கதவைத் திறந்துபோட்டு ஆறவிடுவது. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் பெயிண்ட் அடிக்கிற வழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது போலிருக்கிறது, அதை எப்படியாவது நிறுத்துங்கள்.

ஈரம், பூச்சி. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும், மழைக்காலக் காட்சிக்குத் துணியையும் தோலையும் தவிர்ப்பதற்கு இதுவே போதுமான காரணம். சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் ஒட்டுப்பொறி அட்டைகளை வைத்து, மாதத்துக்கொருமுறை எடுத்து என்ன பூச்சி, எத்தனை என்று தேதியோடு குறித்தால் எந்த மூலையில் ஈரம் என்பது தெரிந்துவிடும், ராமபாணப் பூச்சி அதிகமாகச் சிக்குகிற மூலை நிச்சயம் ஈர மூலை. அந்துருண்டை போடாதீர்கள், உங்கள் நுரையீரலுக்கும் ஆகாது, சில பிளாஸ்டிக்குகளையும் இளக்கிவிடும். புதிதாக வரும் துணி, கம்பளி எதையும் நேராகக் காட்சி அறைக்குள் விடக் கூடாது. பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றி நன்றாக ஒட்டி, வீட்டு உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த உடனே பையைப் பிரிக்க வேண்டாம், ஒரு முழு நாள் அறை வெப்பத்துக்கு வரட்டும், வியர்ப்பது பையின் வெளிப்பக்கம் வியர்க்கட்டும். துணிக்குச் சொன்னதை ஓவியம், புகைப்படம், கண்ணாடி, பல பொருட்கள் சேர்ந்து செய்த சாமான் என்று எல்லாவற்றுக்கும் செய்துவிடாதீர்கள்.

பருவக் காட்சிக்காக வீடுகளில் பொருள் கேட்டால் என்னவெல்லாமோ வரும். அதில் சிலது ஆபத்தானது, கொண்டுவருகிறவர்களுக்கும் அது தெரியாது. பழைய முதலுதவிப் பெட்டிகளில் பிக்ரிக் அமிலம் இருக்கலாம், காய்ந்துபோனால் அது வெடிக்கக்கூடியது, மூடியைத் திருகித் திறக்கும் உரசலே போதும். சந்தேகமிருந்தால் பெட்டியைத் தொடாமல் அறையைப் பூட்டிவிட்டுத் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். இருட்டில் ஒளிரும் பழைய கடிகார முகப்புகளில் ரேடியம் பூசியிருப்பார்கள், இப்போது ஒளிரவில்லையே என்று நினைத்துத் திறந்து துடைக்காதீர்கள். ஒளிரும் பூச்சுதான் கெட்டுப்போயிருக்கிறது, ரேடியத்தின் கதிரியக்கம் போகவில்லை, ரேடியம் 226-இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 1,600 வருடம். 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய திரைப்படச் சுருள் எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் வகையாக இருக்கலாம், பற்றினால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. பதப்படுத்திய பறவை, விலங்குகளில் ஆர்சனிக் என்ற நஞ்சு. பாதரசம் உள்ள வெப்பமானி, காற்றழுத்தமானி. இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, பொருள் வாங்கும் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறோம்.

வாங்கும் மேசையில் இன்னொரு விஷயமும் கறாராக இருக்க வேண்டும். கொடுப்பது நன்கொடையா இரவலா, இரவல் என்றால் திரும்பத் தரும் தேதி எது என்பது கையெழுத்தோடு தாளில் வர வேண்டும். ‘நிரந்தர இரவல்’ என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள், கொடுத்தவர் காலமான பிறகு பிள்ளைகள் மூன்று பேர் மூன்று விதமாக வந்து நிற்பார்கள், பொருள் நம்முடையதும் இல்லாமல் அவர்களுடையதும் இல்லாமல் அலமாரியில் உட்கார்ந்திருக்கும். வாங்கும்போதே நாலு பக்கமும் படம் எடுத்து, எங்கே கீறல், எங்கே கறை என்று கொடுத்தவர் முன்னாலேயே எழுதிக்கொள்வது நல்லது. கொடுக்கும்போதும் அப்படியே. ஒரு முறை எங்கள் பழைய வரைபடம் ஒன்றை இன்னோர் அமைப்பின் காட்சிக்கு இரவல் கொடுத்தோம். திரும்பி வந்தபோது நாலு மூலையிலும் ஒட்டுநாடா பிசின், ஒரு மூலையில் நாடாவோடு சேர்ந்து மேல் இழையும் உரிந்திருந்தது. முன்பே அப்படித்தான் இருந்தது என்று சாதித்தார்கள். அனுப்பிய அன்று தேதியோடு எடுத்த படங்களை மேசையில் வைத்த பிறகுதான் பேச்சு சரிசெய்யும் செலவு பக்கம் திரும்பியது.

விளக்க அட்டையைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது, ஆனால் இங்கே ஒன்றை மட்டும் காட்டுகிறேன். கரிப்போட்டுத் தேய்க்கும் பெட்டி ஒன்றுக்கு எங்களிடம் இருந்த பழைய அட்டை: ‘இரும்பு இஸ்திரிப் பெட்டி. 20-ஆம் நூற்றாண்டு. நன்கொடை.’ இதைப் படித்துவிட்டு யாரும் ஒரு கணம்கூட நிற்கவில்லை, நிற்க அதில் என்ன இருக்கிறது? இப்போது இருப்பது: ‘மூடியைத் திறந்து கரித்தணலை உள்ளே போடுவார்கள். பக்கத்துத் துளைகள் காற்றுக்கு. வீசி ஆட்டினால் தணல் கனியும், ஆனால் பொறி தெறித்தால் சட்டை போச்சு. கைப்பிடியில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பதைப் பாருங்கள். உங்கள் வீட்டில் யார் தேய்த்தார்கள்?’ முப்பது சொல்லுக்குள் அடங்கிவிட்டது. ஐம்பது அறுபது சொல்லைத் தாண்டினால் நின்றுகொண்டு படிக்க யாருக்கும் பொறுமை இல்லை, எனக்கும் இல்லை. எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், சக்கர நாற்காலியில் இருப்பவர் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும், கண்ணாடியில் விளக்கு பிரதிபலிக்கிறதா என்று குனிந்தும் நிமிர்ந்தும் பார்க்க வேண்டும். அட்டையின் கடைசி வரி கேள்வியாக இருப்பது எங்களுக்கு நன்றாக வேலை செய்கிறது. எல்லா அட்டையிலும் கேள்வி வைத்தால் தேர்வுத்தாள் ஆகிவிடும், மூன்று நாலு பொருளுக்கு மட்டும்.

கேள்வி கேட்டால் பதில் எழுத இடம் வேண்டும் அல்லவா. சிறிய அட்டைகளும் பென்சில்களும் ஒரு மேசையில். பேனா வேண்டாம், பொருட்கள் இருக்கும் அறையில் மையே வேண்டாம், குழந்தைகள் கையில் பேனா கிடைத்தால் அப்புறம் சுவரும் பேழையும் என்ன ஆகும் என்று தெரியாது. முதல் நாலைந்து அட்டைகளை நாங்களே தெரிந்தவர்களைக் கூப்பிட்டு எழுதச்சொல்லி ஒட்டிவிடுவோம், வெற்றுப் பலகையில் முதல் ஆளாக எழுத எல்லோருக்கும் கூச்சம். எழுதப் பிடிக்காத பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு நாம் எழுதிக்கொள்ளலாம், பேச்சைப் பதிவு செய்வதானால் முதலில் அனுமதி, பிறகுதான் பொத்தான்.

குழந்தைகளுக்குத் தொட ஏதாவது வேண்டும், இதில் சமாதானமே கிடையாது. அதற்கென்று பதிவேட்டில் ஏறாத தனிச் சேகரம் வைத்துக்கொள்ளுங்கள், ஒரே மாதிரி நாலாவது முறையாக வந்த படி, உழக்கு, பூட்டு, மணி, எழுதும் பலகை, எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாதவை. நன்கொடை வாங்கும்போதே இதைத் தொட்டுப்பார்க்க வைக்கலாமா என்று கேட்டு எழுதி வாங்கிவிட்டால் பிறகு வருத்தம் இல்லை.

இறக்கும் நாள். திறப்பு விழாவுக்கு ஆள் கிடைக்கும், இறக்குவதற்குக் கிடைக்காது, ஆகவே திறப்பதற்கு முன்பே இறக்கும் தேதியையும் யார் யார் வருகிறார்கள் என்பதையும் எழுதி வாங்கிவிடுங்கள். இருப்பறையிலிருந்து ஒரு பொருளை எடுக்கும்போது அது இருந்த இடத்தில் ஓர் அட்டை வைக்க வேண்டும்: பொருளின் எண், எடுத்தவர், எந்தக் காட்சிக்கு, எப்போது. எண்களை நாங்கள் வருடம், நன்கொடை வரிசை, அதற்குள் பொருளின் வரிசை என்று மூன்று பாகமாக எழுதுகிறோம், 1987.14.3 என்பது போல. பொருள் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் அட்டை வெளியே வரும். காட்சி முடிந்தும் ஏதாவது அட்டை அலமாரியில் மிச்சமிருந்தால் அன்றைக்கு யாரும் வீட்டுக்குப் போவதில்லை. பழைய அருங்காட்சியகங்களில் ‘காணவில்லை’ என்று குறித்திருக்கும் பொருட்களில் பலவற்றை யாரும் திருடவில்லை என்று நினைக்கிறேன், வேறு அலமாரியில் போய் உட்கார்ந்துவிட்டவைதான்.

அப்புறம், பார்வையாளர்கள் எழுதிய அட்டைகள். இவற்றைக் கட்டி ஒரு பெட்டியில் போட்டுவிட்டால் மறுபடி யாரும் திறக்கமாட்டார்கள். காட்சி இறங்கிய அடுத்த இரண்டு வாரத்துக்கு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல், ஒவ்வோர் அட்டையையும் எந்தப் பொருளைப் பற்றியதோ அதன் பதிவில் ஏற்றுகிறோம். பாதிக்கு மேல் ‘நன்றாக இருந்தது’ என்பதுதான், அவற்றை எண்ணிக்கைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம். மிச்சத்தில் ஒன்றோடொன்று முரண்படுகிறவை வரும், இரண்டையும் ஏற்றுங்கள், நீதிபதியாக உட்கார வேண்டாம். வெள்ளக் காட்சியின் அட்டைகளில் தண்ணீர் எதுவரை வந்தது என்பதைவிட, தண்ணீர் வடிந்த பிறகு கடைத்தெரு ஏன் பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை என்பதைப் பற்றித்தான் ஆட்கள் அதிகம் எழுதியிருந்தார்கள், அதுவும் ஆளுக்கொரு காரணம், ஒருவர் அட்டையின் இரண்டு பக்கமும் போதாமல் இன்னோர் அட்டையைக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தார். கடைத்தெரு இடம் மாறியதைப் பற்றி எங்கள் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. அடுத்த கோடைக்கு அதுதான் தலைப்பு, கடைப் பலகைகளையும் கணக்குப் புத்தகங்களையும் இப்போதிலிருந்தே கேட்டுவைக்க ஆரம்பித்திருக்கிறோம்.